ஆங்கில வர்ணனைச் சொற்களைக் கற்பது எப்படி: பொருளைப் பார்ப்பதிலிருந்து வரைவிலக்கணம் வரை

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே உள்ள ஓர் ஒழுங்கையில் மாலை நேரங்களில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருபவர்களில் பாதிப்பேர் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவர்கள். மீதிப்பேர் மலையகத்திலிருந்தும் வடக்கிலிருந்தும் வேலைக்காகக் கொழும்புக்கு வந்தவர்கள். அநேகமாக எல்லோர் கையிலும் ஒரு பட்டியல் இருக்கும். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள், ஒன்று முதல் 200 வரை இலக்கம். கேட்டால் தட்டாமல் ஒப்புவிப்பார்கள். "உமது அறையைப் பற்றி 5 வரி எழுதும்" என்றால் மட்டும் நைஸ், பியூட்டிஃபுல், பிக் என்ற மூன்று சொற்களைத் தாண்ட மாட்டார்கள்.

உழைப்புக் குறைவால் இது நடப்பதில்லை. வரிசை தலைகீழாக இருப்பதால் நடக்கிறது. சொல்லை முதலில் எடுத்துக்கொண்டு, அதைப் பொருத்த ஒரு பொருளைப் பிறகு தேடுகிறார்கள். மேசை, கதிரை போன்ற பெயர்ச்சொற்களுக்கு அது ஓரளவு சரிவரும். பெயரடைக்கு, அதாவது வர்ணனைச் சொல்லுக்கு, சரிவராது. எந்தப் பொருளோடு சேரும், எவ்வளவு வலுவுள்ளது, பாராட்டா பழிப்பா என்ற மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு வர்ணனைச் சொல்லின் பொருள். பட்டியலின் வலப்பக்கத்தில் அந்த மூன்றுக்கும் இடமில்லை. பொருளில் தொடங்கிச் சொல்லுக்குப் போகும் வரிசையைக் கீழே தருகிறேன்.

இங்கே ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருப்பது அடையாளத்துக்காக மட்டுமே. ஒவ்வொன்றின் எழுத்துக்கூட்டலையும் அகராதியில் நீங்களே தேடி எடுங்கள். தேடிய சொல் நினைவில் நிற்கும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு 120 பக்கச் சீ.ஆர். கொப்பி. பிரிஸ்டல் மட்டை இரண்டு தாள், விளையாட்டுச் சீட்டு அளவில் வெட்டியது. வெறும் பிஸ்கட் டின் மூன்று. இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை.

அகராதிதான் முக்கியம். ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒன்று போதாது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்கென்று எழுதப்பட்ட ஆங்கிலம்–ஆங்கில அகராதி கட்டாயம் வேண்டும். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், லோங்மன் ஆகிய மூன்றுக்கும் இணையத்தில் இலவசப் பதிப்பு உண்டு. லோங்மன் தன் விளக்கங்களைச் சுமார் 2000 எளிய சொற்களுக்குள் எழுதுகிறது. ஆகவே, ஒரு சொல்லின் விளக்கத்தில் இன்னொரு கடினமான சொல் வந்து வழிமறிப்பது குறைவு. பொது அகராதியில் ஒரு சொல்லைத் தேடப் போய் ஐந்து சொல்லுக்குப் பொருள் தேடிக் களைத்துப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேம்பிரிட்ஜ் அகராதியில் பல சொற்களின் அருகில் ஏ1 (தொடக்க நிலை) முதல் சீ2 (மிக உயர்ந்த நிலை) வரை ஒரு தரக்குறி இருக்கும். முதல் மூன்று மாதம் பீ1, பீ2 குறியுள்ள சொற்களோடு நில்லுங்கள். சீ2 சொற்கள் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் அவற்றைப் பயன்படுத்தும் சந்தர்ப்பம் அரிதாகவே வரும். பயன்படாத சொல் கையை விட்டுப் போகும்.

வாரத்துக்கு 20 சொல். அதற்கு மேல் வேண்டாம். முதல் வாரம் 60 சொல் படித்தவர் மூன்றாம் வாரம் வகுப்புக்கே வராமல் விட்டதை ஒரு தடவைக்கு மேல் கண்டிருக்கிறேன்.

2. முதலில் பொருளைப் பார்த்துத் தமிழில் சொல்லுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். "தமிழ் எனக்குத் தெரியும்தானே, எதற்கு?" என்கிறார்கள். தமிழில் கூர்ந்து பார்த்துச் சொல்ல முடியாததை ஆங்கிலத்தில் யாராலும் சொல்ல முடியாது.

ஹட்டனிலிருந்து வந்த ஒரு பிள்ளை கடலைப் பற்றி எழுதிய பத்தியில் பியூட்டிஃபுல் என்ற சொல் நான்கு இடத்தில் இருந்தது. அன்று வகுப்பை நிறுத்திவிட்டு, ரயில் பாதையைக் கடந்து கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "ஆங்கிலத்தை விடும். நீர் இப்போது என்ன காண்கிறீர்? தமிழில் சொல்லும்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "மிஸ், வாய்க்கால் வந்து விழுகிற இடத்தில் தண்ணீர் கலங்கலாக இருக்கிறது" என்றார். "பிறகு?" "கல்லுக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன அலையாக, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வருகிறது. தூரத்தில் ஒரே சாம்பல் நிறம். காற்று பிசுபிசு என்று இருக்கிறது."

நான்கு வரியில் நான்கு உண்மையான வர்ணனை. ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் நேரான சொல் உண்டு. கலங்கலுக்கு மேர்க்கி. சிறு அலைகள் முட்டி மோதும் கடலுக்குச் சொப்பி. சாம்பல் நிறத்துக்கு கிரே. உப்பும் வியர்வையும் சேர்ந்து தோலில் ஒட்டும் அந்தப் பிசுபிசுப்புக்கு ஸ்டிக்கி. அந்த நான்கையும் அவர் பட்டியலில் மனப்பாடம் செய்யவில்லை, இன்றுவரை மறக்கவும் இல்லை.

நீங்களும் ஒரு பொருளைத் தேர்ந்துகொண்டு 5 நிமிடம் அதையே பாருங்கள். கண்ணுக்கு எப்படி, கைக்கு எப்படி, மூக்குக்கு எப்படி என்று கேட்டுக்கொண்டு தமிழில் எழுதுங்கள். இங்கே நம் மொழியின் இரட்டைக்கிளவிகள் பெரும் உதவி. மொறுமொறு, கொழகொழ, வழவழ, சொரசொர, பிசுபிசு, மினுமினு. இவை ஒவ்வொன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சொற்களாகப் பிரியும். காலிமுகத்திடலில் இறால் வடையை வாங்கியவுடன் கடித்தால் ஓரம் மொறுமொறு என்று உடையும். அது கிரிஸ்பி. முறுக்கைக் கடிக்கும்போது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும் சத்தம் வருகிறதே, அது கிரஞ்சி. அதே வடையைப் பழைய கொப்பித் தாளில் செய்த பையில் கால் மணி நேரம் வைத்தால், மிளகாய்ச் சாறும் கடல் காற்றும் பட்டு நமுத்துத் துவண்டுபோகும். அது சொகி. ஒரு வடைக்குள் மூன்று சொல் இருக்கிறது.

3. தமிழ்ச் சொல்லிலிருந்து ஆங்கிலச் சொல்லுக்கு: முதலில் கிடைத்ததை எடுக்காதீர்கள்

தமிழ்–ஆங்கில அகராதியிலோ கைபேசி மொழிபெயர்ப்பிலோ தமிழ்ச் சொல்லைத் தட்டினால் மூன்று நான்கு ஆங்கிலச் சொற்கள் வரும். அவற்றை வேட்பாளர்களாக மட்டும் எண்ணிக் கொப்பியில் பென்சிலால் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் ஆங்கிலம்–ஆங்கில அகராதியில் தேடி, விளக்கத்தையும் கீழே உள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் படியுங்கள். உங்கள் பொருளோடு ஒத்துவராததை அடித்துவிடுங்கள். மிஞ்சியதைப் பேனையால் எழுதுங்கள்.

ஏன் இவ்வளவு பாடு? "ஈரமான" என்று தேடிப் பாருங்கள். வெட், டாம்ப், மொயிஸ்ட், ஹியூமிட் என்று வரிசையாக வரும், ஒன்றுக்கு ஒன்று சமம் என்பது போல. அவை சமமல்ல. ஹியூமிட் என்பது காற்றுக்கும் காலநிலைக்கும் மட்டும் உரியது. "என் சட்டை ஹியூமிட்டாக இருக்கிறது" என்று எழுதினால் ஆங்கிலம் அறிந்தவர் திகைப்பார். அடித்துவிடும் வேலையில்தான் சொல் மனதில் பதிகிறது. வேண்டாம் என்று தள்ளிய சொல்லையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறீர்கள்.

சில இடத்தில் நேரான சொல் கிடைக்காது. உறைப்புக்கு ஹொட் என்றால் சூடு என்றும் பொருள் படும். ஸ்பைசி என்றால் மசாலா நிறைந்தது என்றும் பொருள் படும். துவர்ப்புக்கு உள்ள அஸ்ட்ரிஞ்சன்ட் என்ற சொல்லை அன்றாடப் பேச்சில் பலர் பயன்படுத்துவதில்லை. அந்த இடத்தில் ஒரு சொல்லைத் தேடி மல்லுக்கட்டாமல், "வாழைக்காயைப் பச்சையாகக் கடித்தால் வாய் வறண்டு இழுப்பது போல" என்று ஒரு தொடராகவே எழுதுங்கள். அதுவும் நல்ல வர்ணனைதான்.

4. வரைவிலக்கணத்தை நீங்களே எழுதுங்கள்

அகராதி வரைவிலக்கணத்தைப் பார்த்து எழுதுவதால் பயன் மிகக் குறைவு. கை எழுதும், மனம் எங்கேயோ இருக்கும். அகராதியை இரண்டு தடவை வாசித்துவிட்டு மூடுங்கள். பிறகு எளிய ஆங்கிலத்தில், 12 சொல்லுக்கு மேற்படாமல், உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். எழுதிய பின் திறந்து ஒப்பிடுங்கள்.

ஒரு பெயரடையின் வரைவிலக்கணத்தில் மூன்று கேள்விக்கு விடை இருக்க வேண்டும். எந்தத் தன்மை? எவ்வளவு? எதற்குச் சொல்வோம்? ஈரக் குடும்பத்தையே எடுத்துக் காட்டுகிறேன்.

டாம்ப்: கொஞ்சம் ஈரம், அதுவும் நாம் விரும்பாத ஈரம். சுவர், துணி, படுக்கை. மழைக்காலத்தில் இந்த ஒழுங்கை வீடுகளின் சுவரில் கை வைத்தால் உணர்வது இதுதான்.

மொயிஸ்ட்: கொஞ்சம் ஈரம், இருக்க வேண்டிய அளவான ஈரம். கேக், பூச்சட்டி மண்.

சொகி: ஈரத்தால் மென்மையாகி உருக்குலைந்தது. தேநீரில் அதிக நேரம் தோய்த்த பிஸ்கட், வெள்ளம் வடிந்த புல்தரை.

கிளாமி: குளிர்ந்து ஒட்டும் ஈரம். பயத்தில் வியர்த்த உள்ளங்கை.

டிரென்ச்ட்: முழுக்க நனைந்தது. குடையில்லாமல் பஸ் தரிப்பிடத்தில் நின்ற ஆள்.

ஒரே ஈரம், ஐந்து சொல். ஒவ்வொன்றையும் பிரிப்பது அளவும், விருப்பும், சேரும் பொருளும். "ஈரமான" என்று ஐந்துக்கும் எதிரே எழுதிவைத்தால் இந்தப் பிரிவு முழுதும் அழிந்துபோகும். அதனால்தான் பட்டியலை நான் எதிர்க்கிறேன்.

வரைவிலக்கணத்துக்குள் அதே சொல்லையோ அதன் உறவுச் சொல்லையோ போடக் கூடாது. ஸ்டிக்கிக்கு விளக்கமாக "ஸ்டிக் பண்ணும் தன்மை" என்று எழுதினால், எழுதியவருக்கே சில நாளில் ஒன்றும் விளங்காது.

5. எந்தப் பெயர்ச்சொல்லோடு சேரும் என்று பாருங்கள்

நான் வகுப்பில் அதிக நேரம் செலவிடும் இடம் இதுதான். நம்மவர் எழுத்தில் இலக்கணப் பிழையைக் காட்டிலும் சேர்க்கைப் பிழையே அதிகம்.

"கடும்" என்ற தமிழ்ச் சொல்லைப் பாருங்கள். கடும் மழை, கடும் காற்று, கடும் வெயில், கடும் குளிர், கடும் சொல், கடும் உழைப்பு, கடுஞ்சாயத் தேநீர் என்று எல்லாவற்றோடும் ஒட்டும். ஆங்கிலத்தில் அது ஏழு இடத்தில் ஆறு விதமாகப் பிரிகிறது. மழைக்கு ஹெவி. காற்றுக்கு ஸ்ட்ரோங். வெயிலுக்கு ஸ்கோர்ச்சிங். குளிருக்கு பிட்டர். சொல்லுக்கு ஹார்ஷ். உழைப்புக்கு ஹார்ட். தேநீருக்கு மறுபடியும் ஸ்ட்ரோங். "ஸ்ட்ரோங் ரெயின்" என்றோ, "பெரிய மழை" என்பதை அப்படியே "பிக் ரெயின்" என்றோ எழுதுவது இலக்கணப்படி பிழையில்லை; ஆனால் ஆங்கிலத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஏன் என்று கேட்டால் விதி ஒன்றும் கிடையாது. "கடும் தேநீர்" என்று நாம் சொல்லாமல் "கடுஞ்சாயம்" என்று ஏன் சொல்கிறோம்? பழக்கம். அவர்களுக்கும் அப்படித்தான்.

வேறு விதமாகவும் இது நடக்கும். பழுதாகிப்போன உணவுக்குத் தமிழில் சோறு ஊசிப்போனது, பால் திரிந்தது, எண்ணெய் காறிப்போனது என்று தனித்தனியாகச் சொல்கிறோம். ஆங்கிலத்திலும் தனித்தனிதான், ஆனால் பிரிப்பு வேறு. நேற்றைய பாணுக்கும் திறந்து வைத்த பிஸ்கட்டுக்கும் ஸ்டேல். பாலுக்கு சவர். வெண்ணெய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் ரான்சிட். முட்டைக்கும் பழத்துக்கும் ரொட்டன். ஸ்டேல் என்ற சொல் காற்றுப் புகாத அறையின் காற்றுக்கும், பழைய செய்திக்கும்கூட வரும். இந்த ஒரு சொல்லுக்கு மட்டுமே கொப்பியில் அரைப் பக்கம் ஒதுக்கலாம்.

ஆகவே ஒவ்வொரு சொல்லின் கீழும் அது இயல்பாகச் சேரும் பெயர்ச்சொற்கள் மூன்றை எழுதுங்கள். அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியங்களில் இவை கிடைக்கும். மூன்று கிடைக்காவிட்டால் அந்தச் சொல்லை இப்போதைக்கு விட்டுவிட்டு வேறொன்றை எடுங்கள். பெயர்ச்சொல் இல்லாத பெயரடை பிடியில்லாத கத்தி போன்றது.

6. பாராட்டா, பழிப்பா என்று குறியிடுங்கள்

ஒருவர் தன் அக்காவை அன்போடு வர்ணிக்க நினைத்து ஸ்கினி என்று எழுதியிருந்தார். அவர் மனதில் இருந்தது "ஒடிசலான அழகு". வாசிப்பவருக்குத் தெரிவது எலும்பும் தோலுமான உருவம். ஸ்லிம், ஸ்லென்டர் என்றால் பாராட்டு. தின் என்பது நடுநிலைக்கு அருகில். ஸ்கினி பெரும்பாலும் குறை. கோன்ட் என்றால் நோயாலோ பட்டினியாலோ வாடிய முகம்.

சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியும். அதுவே திரிஃப்டிக்கும் ஸ்டின்ஜிக்கும் இடையே உள்ளது. "பேர்போன" என்று தமிழில் நல்லதுக்கும் கெட்டதுக்கும் சொல்லலாம். ஆங்கிலத்தில் நல்லதுக்கு ஃபேமஸ், கெட்டதுக்கு நொடோரியஸ். ஒரு மாணவர் தன் அதிபரை நொடோரியஸ் என்று எழுதிப் பிரியாவிடை வாழ்த்தை வாசிக்க இருந்தார். முதல் நாள் மாலை என்னிடம் காட்டியதால் தப்பினார்.

கொப்பியில் சொல்லின் பக்கத்தில் கூட்டல், கழித்தல், பூச்சியம் என்று மூன்று குறிகளில் ஒன்றைப் போடுங்கள். அகராதிகள் இதை அப்ரூவிங் (பாராட்டு), டிஸ்அப்ரூவிங் (பழிப்பு) என்ற குறிப்பாகவோ விளக்கத்தின் உள்ளேயோ தந்திருக்கும். ஆட்களைப் பற்றிய சொற்களில் இதைத் தவறவிடவே கூடாது. சுவரை டாம்ப் என்பதா மொயிஸ்ட் என்பதா என்று பிழைத்தால் யாருக்கும் நோகாது. மனிதரைப் பற்றிப் பிழைத்தால் நோகும்.

7. ஏணியில் அடுக்குங்கள்

ஒரே தன்மையின் சொற்களை வலுவின்படி ஏணிப்படிபோல் எழுதுங்கள். குளிருக்குக் கீழிருந்து கூல், சில்லி, கோல்ட், ஃப்ரீஸிங். களைப்புக்கு டயர்ட், எக்ஸோஸ்டட். பருமனுக்கு பிக், ஹியூஜ், எனோர்மஸ்.

இப்படி அடுக்கினால் வெரி என்ற சொல்லைக் குறைக்கலாம். அதோடு ஒரு பொதுப்பிழையும் நீங்கும். ஏணியின் உச்சியில் உள்ள சொல்லுக்குள் "மிக" என்பது ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. அதனால் வெரி ஃப்ரீஸிங், வெரி எனோர்மஸ் என்று எழுதக் கூடாது. அவற்றை இன்னும் அழுத்த வேண்டுமென்றால் அப்ஸொலூட்லி வரும்.

எந்தப் படியில் நிற்பது என்பதற்கு நேர்மை வேண்டும். நுவரெலியாவின் தை மாத அதிகாலைக்கு சில்லி பொருந்தும், சில நாளில் ஃப்ரீஸிங்கும் பொருந்தும். பகல் வெப்பம் பெரும்பாலும் 30 பாகையை ஒட்டி நிற்கும் கொழும்புக்கு, மழை நின்ற மாலையில்கூட கூல் என்பதே போதும். எப்போதும் உச்சிப் படியில் நின்று எழுதுபவரை வாசகர் சீக்கிரம் நம்பாமல் விடுவார்.

8. வாக்கியத்தில் இடம்

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். தமிழில் "சிவப்புப் பழைய பெரிய பஸ்" என்றாலும் "பழைய பெரிய சிவப்பு பஸ்" என்றாலும் குறையில்லை. ஆங்கிலத்தில் வரிசை உண்டு: கருத்து, அளவு, வயது, வடிவம், நிறம், இடம், செய்பொருள், பயன். எனவே பிக் ஓல்ட் ரெட் பஸ் மட்டுமே காதுக்கு இயல்பு. எட்டையும் ஒரு பெயர்ச்சொல்லின் முன் நிரப்ப முயல வேண்டாம். இரண்டு போதும், மூன்று எல்லை.

அஃப்ரெயிட், அஸ்லீப், அலைவ், அலோன் போன்றவை பெயர்ச்சொல்லின் முன் வராது. குழந்தை அஸ்லீப்பாக இருக்கலாம். ஆனால் உறங்கும் குழந்தை என்பதற்கு ஸ்லீப்பிங் சைல்ட்தான்.

அடுத்தது, "நான் போரிங்" என்று சொல்லித் தன்னையே குறை கூறிக்கொள்ளும் பிழை. இதற்குத் தமிழிலேயே மருந்து இருக்கிறது. சலிப்பூட்டும் என்பதில் வரும் "ஊட்டும்" ஐ.என்.ஜி. ஈற்றுக்குச் சமம். சலிப்படைந்த என்பதில் வரும் "அடைந்த" ஈ.டி. ஈற்றுக்குச் சமம். பாடம் சலிப்பூட்டும், மாணவர் சலிப்படைவார்: பாடம் போரிங், மாணவர் போர்ட். களைப்பூட்டும், களைப்படைந்த, வியப்பூட்டும், வியப்படைந்த. எழுதும் முன் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். இதை அறிந்தபின் பிழைவிடுபவர் மிகக் குறைவு.

9. ஒலியைத் தமிழில் எழுதிவைக்காதீர்கள்

உங்கள் கொப்பியில் இது வேண்டாம். குளிருக்கும் தங்கத்துக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் கோல்ட். பெரியதும் பன்றியும் இரண்டும் பிக். நம் எழுத்து நம் ஒலிக்குச் செம்மையானது. அந்த ஒலிகளைப் பிரித்துக் காட்டுவது அதன் வேலையில்லை.

இணைய அகராதியில் ஒலிபெருக்கிக் குறியை அழுத்தி மூன்று தடவை கேளுங்கள், மூன்று தடவை சொல்லுங்கள். எந்த அசை உரத்து வருகிறது என்று கவனித்து அந்த அசைக்குக் கீழே கோடிடுங்கள். டிலிஷஸில் இரண்டாவது அசை. நாம் எல்லா அசைகளையும் ஒரே எடையில் சொல்வதால்தான் சரியான சொல்லைச் சொல்லியும் எதிரில் இருப்பவர் "என்ன?" என்று கேட்கிறார்.

10. உருவத்தை நம்பி ஏமாறும் சொற்கள்

சொல்லின் ஈற்றைப் பார்த்துப் பொருள் ஊகிப்பது நல்ல பழக்கம். ஃபுல் என்றால் நிறைந்தது, லெஸ் என்றால் இல்லாதது, முன்னால் அன், இன் வந்தால் எதிர்மறை. ஆனால் சில சொற்கள் காலை வாரிவிடும். பிரைஸ்லெஸ் என்றால் விலையற்றது. மலிவானது என்று கொள்ளாதீர்கள், விலை மதிக்கவே முடியாதது. இன்வாலுவபிள் என்பதும் அப்படியே மிகுந்த பயனுள்ளது. இன்ஃபிளேமபிள் என்று எழுதிய கொள்கலனைத் தீப்பிடிக்காதது என்று எண்ணினால் ஆபத்து. அது தீப்பிடிக்கும்.

சைல்டிஷ் என்பது சிறுபிள்ளைத்தனம், சைல்ட்லைக் என்பது குழந்தை உள்ளம். சென்சிபிள் விவேகமானவர், சென்சிடிவ் சட்டென்று மனம் நோகக்கூடியவர். இப்படிப்பட்ட இரட்டைகளை ஒரே நாளில் சேர்த்துக் கற்காதீர்கள். சேர்த்துக் கற்றால் சேர்த்தே குழம்பும். ஒன்றை இந்த வாரம், மற்றதை இரண்டு வாரம் கழித்து.

11. அட்டையும் மூன்று டின்னும்

அட்டையின் முன்பக்கம் ஆங்கிலச் சொல்லை எழுத வேண்டாம். நிலைமையை எழுதுங்கள்: "மழைக்காலச் சுவர், கை வைத்தால் ஈரம், பிடிக்கவில்லை." பின்பக்கம் டாம்ப், அதன் வரைவிலக்கணம், மூன்று பெயர்ச்சொல், கூட்டலோ கழித்தலோ. பேசும்போதும் எழுதும்போதும் நம் மனதில் முதலில் வருவது நிலைமைதான். அதே திசையில்தான் பழக வேண்டும்.

புதிய அட்டை முதல் டின்னில். அதைத் தினமும் பாருங்கள். சரியாகச் சொன்னால் இரண்டாம் டின்னுக்கு. அது மூன்று நாளுக்கு ஒருமுறை. அங்கும் சரியென்றால் மூன்றாம் டின், வாரம் ஒருமுறை. எங்கே பிழைத்தாலும் முதல் டின்னுக்குத் திரும்ப வேண்டும். மறக்கப்போகும் தறுவாயில் முயன்று நினைவுகூர்ந்தால் சொல் ஆழமாகப் பதியும். நன்றாகத் தெரிந்ததை நாள்தோறும் புரட்டுவது நேர விரயம். 1970களில் செபஸ்டியன் லைட்னர் என்பவர் ஜெர்மன் மொழியில் எழுதிப் பரப்பிய முறை இது. கைபேசிச் செயலிகள் பலவும் இதே கருத்தை ஒட்டியவையே. செயலி வசதியானால் பயன்படுத்துங்கள். ஆனால் அட்டையை நீங்களே எழுதுங்கள். யாரோ செய்து வைத்த தொகுப்பை இறக்கினால் பழைய பட்டியலுக்கே திரும்பிவிடுவீர்கள்.

பஸ்ஸில் காலி வீதி நெரிசலில் நிற்கும் நேரம் இரண்டாம் டின்னுக்குப் போதும்.

12. வாரம் ஒரு பத்தி

ஞாயிறு மாலை 80 சொல்லுக்குள் ஒரு பத்தி. அந்த வாரத்துச் சொற்களில் நான்கைந்து மட்டும். இருபதையும் திணிக்கக் கூடாது. எழுதி முடித்ததும் சிவப்புப் பேனையை எடுத்து நைஸ், குட், பேட், பியூட்டிஃபுல், வெரி ஆகியவற்றை வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் நின்று, "நான் உண்மையில் எதைக் கண்டேன்?" என்று கேளுங்கள். விடை தமிழில் வரட்டும். அங்கிருந்து மூன்றாம் படிக்குத் திரும்பிப் போங்கள். விடையே வராவிட்டால் அந்தப் பெயரடையை எடுத்துவிடுங்கள். வாக்கியம் அது இல்லாமலே நன்றாக நிற்கும்.

பத்தியின் மேல் திகதி போட்டு வையுங்கள். ஐந்து வாரம் கழித்து, பழையதைப் பார்க்காமல், அதே இடத்தைப் பற்றி மீண்டும் எழுதுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்கும்போது எது வளர்ந்தது, எது அப்படியே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அடுத்த மாதம் எந்தக் குடும்பச் சொற்களை எடுப்பது என்றும் அதிலேயே தெரிந்துவிடும்.

ஹட்டன் பிள்ளையின் இரண்டாவது பத்தியில் பியூட்டிஃபுல் ஓரிடத்திலும் இல்லை. வாய்க்கால் முகத்தில் தண்ணீர் மேர்க்கி, கல்லோரம் சொப்பி, கைப்பிடிக் கம்பியில் உப்புப் பட்டு ரஸ்டி. கடைசி வரியில், தூரத்துக் கடலுக்கு டல் என்று எழுதி அடித்துவிட்டு, பேல் என்று எழுதி அதையும் அடித்துவிட்டு, வெறும் கிரே என்று விட்டிருந்தார். அந்த இரண்டு அடித்தல்களுக்கும்தான் நான் சரி போட்டேன்.